ரோஸ் செயின் போட்ட டாங்க்

எங்கள் சின்னண்ணன் பொய்ப்பல் கட்டுகிறவன். தொழிலில்தான் பொய். மற்றபடி வாயைத் திறந்தால் உண்மையைத் தவிர வேறொன்றும் வராது, அதனாலேயே நாலு பேர் கூடுகிற இடத்துக்கு அவனைக் கூட்டிப்போக அண்ணி பயப்படுவார். வீட்டின் முன்னறைதான் அவன் பட்டறை. ஒரு நீள மேசை, மேலே குழல்விளக்கு, கையில் பிடித்துத் தேய்க்கிற சின்ன மோட்டார், மெழுகு சுரண்டும் கத்திகள். சுவர் நிறைய அலமாரி, அதில் பிளாஸ்டரில் அச்செடுத்த யார் யாரோ வாய்கள். பல் டாக்டர்கள் அச்சை அனுப்புவார்கள், இவன் பல்செட் செய்து திருப்பி அனுப்புவான். முதல் தடவை வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த அலமாரிக்கு முன்னால் கொஞ்சம் தடுமாறித்தான் போவார்கள்.

பிடிவாதம் என்றால் உடும்புப்பிடி. ஒருமுறை ஒரு பெரியவர், புது செட்டில் ஆப்பிள் கடிக்க வரவில்லை என்று சொல்லிவிட்டார். போச்சு! அந்த செட்டை உடைத்து உடைத்துச் செய்தான். கடைசியில் ஆப்பிளும் கையுமாக அவர் வீட்டுக்கே போய், அவர் கடித்து மென்று விழுங்குகிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வந்தான். அவருக்கு ஆப்பிளே பிடிக்காதாம். பேச்சுக்குச் சொன்னாராம்.

நான் இரண்டு அண்ணன்மாருக்கும் தங்கை, பஸ் கண்டக்டர். குரலும் அதற்கேற்ற குரல். சைரன் என்று எனக்குப் பேர் வைத்தது பெரியண்ணன். என் வீட்டில் நான் பிள்ளைகளைத் திட்டினால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் அண்ணி வீட்டில் கேட்கிறதாம். அவ்வளவெல்லாம் இல்லை, ஒரு தெரு தாண்டும், அவ்வளவுதான்.

பெரியண்ணன் ராணுவத்தில் டாங்க் ஓட்டியவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், வண்டியைத்தான் கட்டிக்கிட்டேனே என்பார். லீவில் வந்தால் எங்களுக்குக் கதைதான். அந்த வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கைக்கும் இரண்டு லீவர். இடது லீவரை இழுத்தால் இடது பக்கத்துச் சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற செயின் நிற்கும், வண்டி இடது பக்கம் திரும்பும். டிரைவர் தலைக்கு மேலே ஓர் இரும்பு மூடி. சண்டை என்று வந்தால் அதை மூடிவிடுவார்கள், அப்புறம் தபால்பெட்டி வாய் அளவுக்கு ஒரு சந்து வழியாகத்தான் உலகம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். சின்னண்ணன் மட்டும் லீவர் எவ்வளவு நீளம், கைப்பிடிக்கு ரப்பர் உண்டா இல்லையா என்று குடைந்துகொண்டிருப்பான்.

ஓய்வு பெற்ற பிறகு பெரியண்ணன் சின்னண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். கொஞ்ச வருஷம் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் கண்ணில் அழுத்தம் என்றார்கள். சொட்டு மருந்து விட்டார்கள், ஆபரேஷன் செய்தார்கள். போன பார்வை போனதுதான், இருக்கிற மங்கலைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றைக்குத் திரும்பி வரும்போது பெரியண்ணன் அழவில்லை, புலம்பவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்.

"பார்வை இருக்கும்போதே என் வண்டிய ஒரு தடவை பாத்துடணும்டா."

எங்கே போய்ப் பார்ப்பது? அந்த வகை வண்டிகளை எல்லாம் எப்போதோ உடைத்து உருக்கியாயிற்று. முகாமுக்குள் கேமராவே கூடாது என்றிருந்த காலம் அது, அவர் கையில் ஒரு போட்டோ கூடக் கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னண்ணன் ப்ளைவுட்டும் பிளாஸ்டிக் தகடுமாக வந்து இறங்கினான்.

சின்னதாக ஒன்று செய்து கொடேன் என்றேன். சின்னதாகச் செய்தால் அந்த மங்கலுக்கு போல்ட்டெல்லாம் புள்ளியாகத்தான் தெரியும் என்றான். அதனால் ஆறில் ஒரு பங்கு அளவு. அதாவது பட்டறை மேசையில் பாதியை டாங்க் பிடித்துக்கொண்டது, மீதிப் பாதியில் ஊரார் பல்லெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டன. அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, டாங்க் கட்டுகிறீர்களாமே, எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று விசாரித்தார்.

எங்கிருந்தோ ஒரு பழைய புத்தகம் பிடித்தான், அதில் வரைபடமும் சில படங்களும் இருந்தன. மிச்சமெல்லாம் பெரியண்ணனின் உடம்பிலிருந்து எடுத்த அளவு. உட்கார்ந்தால் முழங்கால் எங்கே இடிக்கும், ஏறும்போது கால் வைக்கிற கொக்கி எந்த உயரம், உள்ளே இறங்கும்போது எந்தத் தோள் முதலில் போகும் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்வான். பெரியண்ணனும் நாற்காலியிலேயே ஏறுவதும் இறங்குவதுமாகக் காட்டுவார். பீரங்கி நீட்டிக்கொண்டிருக்கிற மேல் கோபுரத்துக்குப் பிளாஸ்டரில் அச்செடுத்து வார்த்தான். கம்பியை முறுக்கி இழுவைக் கயிறு செய்தான். அறுகோணக் குச்சியை மெல்லிசாக அரிந்து ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து ஒட்டினால் அது போல்ட் தலை. ஒன்று தெறித்துக் கீழே விழுந்தால் வீட்டில் யாரும் நடக்கக்கூடாது. தரையில் கன்னத்தை வைத்துத் தேடுவான். வேறொன்று அரியலாமே என்றால், விழுந்ததுதான் சரியான அளவு என்பான்.

பெயின்ட் வேலையைப் பார்க்கத்தான் கொடுத்துவைத்திருக்க வேண்டும். மனுஷப் பல்லில் வெள்ளை என்று ஒரு நிறமே கிடையாது என்பது அவன் தொழில் பாடம். பழுப்பு, நீலம், சாம்பல் எல்லாம் துளித் துளியாகச் சேர்ந்தால்தான் வெள்ளை. அதே கையோடு பச்சைக்கு மேல் மண், மண்ணுக்கு மேல் துரு, புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கரி என்று பூசினான். போல்ட்டைச் சுற்றி நிழல் கூட பெயின்ட்தான். நான் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டேன், அவ்வளவு அச்சு அசல் அழுக்கு. பாக்கி இருந்தது செயின்கள் மட்டும். ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாக வார்த்து, ஊசிக் கம்பியால் கோக்க வேண்டும். அதை ஆரம்பித்த சமயம்.

ஒரு காலை, நல்ல வெயிலில், பெரியண்ணன் அண்ணியைக் கூப்பிட்டு லைட்டைப் போடச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஓடி என்ன செய்ய? டாக்டர் சொன்ன கொஞ்ச காலம் அவ்வளவுதான் போலிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. எழுந்தால் நாங்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்வோம். அவர் உதறுவார். "என்னை மாடு மாதிரி இழுக்காதீங்க" என்று ஒரு நாள் கத்தியே விட்டார். மார்க்கெட் பக்கத்தில் பார்வை இல்லாதவர்களுக்கு நடக்கவும் வேலை செய்யவும் பழக்குகிற ஒரு மையம் இருக்கிறது, அங்கிருந்து ஆள் வந்து கோல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கோல் கதவுக்குப் பின்னாலேயே நின்றது. கட்டில், நாற்காலி, குளியலறை, மறுபடி நாற்காலி. சாப்பாடும் அறைக்கே போயிற்று. அப்புறம் அதுவும் பாதி திரும்பி வந்தது. இப்படியே உட்கார்ந்திருந்தால் அடுத்து காலும் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்தார். கண் போனது போகட்டும், எங்கள் கண்ணெதிரே ஆளே போய்க்கொண்டிருந்தார். அவரை எப்படியாவது அந்த அறையை விட்டு வெளியே கொண்டுவர வேண்டும், எப்படி என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

சின்னண்ணன் டாங்க்கின் மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிட்டான். ஏன் நிறுத்திவிட்டாய் என்று நான் சண்டைக்குப் போனேன். பார்க்கிறவருக்கே கண் இல்லை, யாருக்காகச் செய்வது என்று கேட்டான். முதல் முறையாக அவன் ஒன்றைக் கைவிட்டதைப் பார்த்தேன். எனக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது.

அந்த வாரம் ஒரு பல்செட் திரும்பி வந்தது. ஓர் அம்மாவுக்கு ஓரத்தில் குத்துகிறதாம். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஒன்றும் இல்லை. விரலால் தடவினான், அப்போதும் இல்லை. அந்த அம்மாவையே வரச் சொல்லிக் கேட்டபோது நாக்கு நுனியால் தொட்டு, இதோ இங்கே என்று காட்டினார். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மயிரிழை அளவுக்கு ஒரு பிசிறு. அதைத் தேய்த்து அனுப்பிவிட்டான். நான் டூட்டி முடிந்து வந்தபோது போர்வையை எடுத்துவிட்டு டாங்க்குக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் கோபுரத்தின் மேல்.

"சோப்பு மாதிரி இருக்கு" என்றான். "நான் கண்ணுக்குத்தான் செஞ்சிருக்கேன். இதுல தொடறதுக்கு ஒண்ணுமே இல்ல."

மறுநாள் சுரண்ட ஆரம்பித்தான். ஐயோ, அந்தத் துரு, அந்தக் கரி! எனக்கு வயிறு எரிந்தது. அவனுக்கு எரியவில்லை. நாக்குக்காக இத்தனை வருஷம் வேலை செய்தவன்தானே நான், விரலுக்குச் செய்ய முடியாதா என்றான். வார்ப்பிரும்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரவென்று இருக்கும் என்று பெரியண்ணன் எப்போதோ சொன்னதை நினைவு வைத்திருந்தான். கோபுரம் முழுவதும் பசையைப் பூசி, அது காய்வதற்குள் பல்செட் கழுவுகிற முரட்டு பிரஷ்ஷால் குத்திக் குத்தி அந்தச் சொரசொரப்பைக் கொண்டுவந்தான். வெல்டிங் தழும்புகளைத் தடிப்பாக்கினான். ஆறில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு என்று உயிரை எடுத்தவன், விரலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக போல்ட் தலைகளை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பெரியதாக வைத்தான். டிரைவர் மூடியைத் திறந்து மூடுகிற மாதிரி செய்தான். உள்ளே இருக்கை, அதற்கு முன்னால் இரண்டு லீவர். இழுத்தால் வரும், விட்டால் ஸ்பிரிங் திருப்பி இழுத்துக்கொள்ளும்.

கண்ணைக் கட்டிவிட்டு என்னைத்தான் சோதிப்பான். இது என்ன என்றான், போல்ட் என்றேன். இது? கயிறு. இது? பானை மூடி என்றேன். அது காற்று வடிகட்டியாம். எனக்குப் பானை மூடி என்று தோன்றிவிட்டதே என்று அதை மறுபடி செய்தான்.

விஷயம் தெரிந்து அடுத்த வீட்டுக்காரர், "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று சிரித்தார். அவருக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. தெருவில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கடைசியில் செயின். நிறத்துக்கு இனி என்ன வேலை? கையில் ஏராளமாக இருந்தது ஈறு செய்கிற அக்ரிலிக், அதிலேயே எல்லாக் கண்ணிகளையும் வார்த்துத் தள்ளினான். நல்ல ரோஸ் நிறம். மேலே இருப்பது யுத்த டாங்க், கீழே சிரிக்கிற வாய் மாதிரி இரண்டு வரிசை. அண்ணி பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியண்ணன் நாற்காலிக்குப் பக்கத்து மேசையில் வைத்தோம். உங்கள் வண்டி என்றான் சின்னண்ணன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எதுக்குடா இதெல்லாம். எடுத்துட்டுப் போ."

நான் வாயைத் திறப்பதற்குள் சின்னண்ணன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டான். டாங்க்கை எடுக்கவில்லை. செட்டைக் கொடுத்த அன்றைக்கே யாரும் கடித்துவிட மாட்டார்கள், வாய் பழக வேண்டும் என்றான். சரிதான் போ என்று வந்துவிட்டேன், ஆனால் மனசே இல்லை. ஒன்றும் நடக்காமல் நாட்கள் போயின. அப்புறம் ஒரு காலை அறையைப் பெருக்கப் போன அண்ணி, டிரைவர் மூடி திறந்து கிடந்ததாக வந்து சொன்னார். இன்னொரு நாள் பீரங்கிக் குழல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததாம். யாரும் மூச்சு விடக்கூடாது என்று சின்னண்ணன் உத்தரவு. என்னைப் பார்த்து இரண்டு தடவை சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முன்னறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறோம். பின்னறையிலிருந்து ஒரு கர்ஜனை.

"எவன்டா இந்தச் செயினை மாட்டினது?"

விழுந்தடித்து ஓடினோம். பெரியண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் சிவந்திருந்தது. ஒவ்வொரு கண்ணியிலும் ஆங்கில வி வடிவத்தில் ஒரு மேடு உண்டு, அதன் கூர் பார்க்க ஒரு திசை உண்டு. சின்னண்ணன் புத்தகப் படத்தில் தரையில் கிடக்கிற பகுதியைப் பார்த்து, அதே திசையை மேலே ஓடுகிற பகுதியில் வைத்துக் கோத்துவிட்டான். சுற்றி வருகிற செயினில் மேலே இருப்பது கீழே வரும்போது திசை மாறும் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. இரண்டு பக்கச் செயினும் முன்பின்னாக மாறிவிட்டது. வாழ்க்கையில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் மாற்றிக் கட்டாதவன், செயினில் மேல் கீழைக் கோட்டைவிட்டான்.

"எங்க சார்ஜென்ட் பாத்திருந்தா உன்னை நாள் பூரா வண்டியச் சுத்தி ஓட விட்டிருப்பாரு" என்றார் பெரியண்ணன். "கழட்டு. இப்பவே கழட்டு."

சின்னண்ணன் காதெல்லாம் சிவக்க இடுக்கியை எடுத்துவந்தான். கோத்த ஊசியைத் தேடிக் குனிந்தவனின் கையில் ஓர் அடி விழுந்தது. கொடு இங்கே என்று பெரியண்ணன் இடுக்கியை வாங்கிக்கொண்டார். விரல் கண்ணி மேல் போயிற்று, ஊசியின் தலையைத் தொட்டது, இடுக்கி அங்கே வந்தது, இழுத்தார். வந்துவிட்டது. அடுத்தது. ஒரு செயின் முழுவதையும் அவரே கழற்றி, திருப்பி, உருளைகளின் மேல் போட்டு, ஊசியைச் செருகினார். கோத்து முடிக்கிற வரை எங்கள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே இருந்தார். எத்தனை மாதமாயிற்று அவர் திட்டிக் கேட்டு! எனக்குக் கண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

நம் வாய் சும்மா இருக்குமா? அண்ணா, அந்தச் செயின் ரோஸ் கலர் என்று சொல்லிவிட்டேன். சின்னண்ணன் என்னை முறைத்தான். பெரியண்ணன் கை அப்படியே நின்றது.

"ரோஸா?"

"ஈறு கலருண்ணா."

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. "எதிரி சிரிச்சே செத்துருவான்டா" என்றார். அண்ணியும் சேர்ந்துகொள்ள, அந்த அறையில் நாங்கள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

இரண்டாவது செயினையும் திருப்பிப் போட்ட பிறகு, டிரைவர் மூடிக்குள் இரண்டு விரலை விட்டார். விரலுக்கொரு லீவர். இடது இழுத்தார், வலது இழுத்தார். ஸ்பிரிங் டிக்கென்று திரும்பியது. விரலை வெளியே எடுத்து மூடியை மூடினார், உள்ளங்கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டார்.

"இதை மூடிட்டா டிரைவருக்கு அந்தச் சந்துதான். தூசி கிளம்பினா அதுவும் போச்சு. ஒண்ணுமே தெரியாது. கமாண்டர் மேல நின்னு காதுல சொல்லுவாரு. இடது, நேரா, மெதுவா, நில்லு. அதைக் கேட்டுக்கிட்டு ஆத்தையே தாண்டியிருக்கேன்."

"அப்ப பயமா இல்லையா?" என்றான் சின்னண்ணன்.

"குரல் இருந்தா என்னடா பயம்?"

வேறு யாராவது இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். இவன்தான் உண்மையை விழுங்கத் தெரியாதவன் ஆயிற்றே.

"அப்ப இப்ப மட்டும் என்ன பயம்?"

எனக்கு அவனை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. பெரியண்ணன் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஏய் சைரன். பஸ்ஸ ரிவர்ஸ் எடுக்கும்போது நீ டிரைவரைக் கையப் பிடிச்சா இழுப்பே?"

"இல்லண்ணா. பின்னாடி நின்னு சொல்லுவேன்."

"கமாண்டரும் கையப் பிடிக்க மாட்டாரு." மேசையிலிருந்து கையை எடுத்தார். "யாரும் என்னைத் தொடக்கூடாது. நீ சொல்லு, நான் போறேன்."

தினமும் நெரிசலில் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுக்க வைக்கிறவள் நான், ஆனால் இது வேறு. நேரா வாங்க, வலது என்றேன். வந்தார், கதவு நிலையில் தோள் இடித்தது. பதறிப்போன சின்னண்ணன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வலதுன்னா எவ்வளவு வலது? ஒழுங்கா சொல்லு!"

சொன்னேன். அரை அடி வலது, நேரா, நில்லுங்க, இடது, மெதுவா. நடையைத் தாண்டினோம். முன்னறையில் ஊரார் வாய்களுக்கு நடுவே நடந்தார், ஒன்றையும் தட்டவில்லை. வாசல்படி மூன்று, கீழே என்றேன். பாதத்தால் தேடி இறங்கினார். சின்னண்ணன் கதவுக்குப் பின்னாலிருந்த கோலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். கேட்டைத் திறந்தான். அடுத்த வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நின்றார். பெரியண்ணன் தெருவில் கால் வைத்தார். வெயில் அவர் முகத்தில் விழுந்தது.

இரண்டு தெருவுக்குக் கேட்கிற என் குரல் அங்கேதான் வரமாட்டேன் என்கிறது. அவர் ஒரு காலை முன்னால் வைத்தபடி, தலையை லேசாகச் சாய்த்து, காதைக் கொடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன கமாண்டர், சத்தத்தையே காணோம்?" என்றார். "வண்டி நிக்குது. சொல்லுங்க."

"நேரா" என்றேன். "நேரா போலாம்."

போனார்.